ஒழுகாத பக்கம் ஜீப்புக்கு

ராணுவமே வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஒரு ஜீப்பை என் கணவர் டிராக்டரில் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தார். காலையில் அவர் கிளம்பியது மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் வாங்க. இரண்டு மழைக்காலமாகக் கொட்டகை ஒழுகுகிறது, இரண்டு மழைக்காலமாக நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் திடீரென்று ஞானம் வந்தவர் போலச் சட்டையை மாட்டிக்கொண்டு சின்னசேலம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனார். தகரம் பார்க்கப் போன இடத்தில் ஜீப்பைப் பார்த்துவிட்டார்.

சாயங்காலம் தெருவில் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். எந்தச் சத்தம் கேட்டாலும் யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அன்றைக்கு யாரும் சாகவில்லை. டிராக்டருக்குப் பின்னால், செத்த மாட்டை இழுத்து வருவதுபோல, கயிற்றில் அது வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, உள்ளே இவர்.

“தகரம் எங்கங்க?”

“தகரம் கெடக்குது வுடு. இது இன்னான்னு தெரியுதா ஒனக்கு?”

“தகரந்தான். துருப்பிடிச்சது.”

டிராக்டர்க்காரன் சிரித்துவிட்டான். இவருக்குக் கோபம். “ஏழாங்கிளாஸோட நின்னதுக்கு மிலிட்டரி வண்டியப் பத்தி இன்னா தெரியும்?” என்றார். ஏழாவதோடு நின்றவள்தான் நான். இவர் பத்தாவது. அந்த மூன்று வகுப்புகளை முப்பது வருஷமாக என்மேல் பாரமாக ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

இவர் பட்டாளத்தில் இருந்தவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு சர்க்கரை ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்து, கரும்பு வண்டி ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் எழுதி வைத்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணால் கண்ட ஒரே சண்டை, டிராக்டர்க்காரர்கள் வரிசைக்காகப் போட்டுக்கொண்டது. அப்போதும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார் என்று கூட வேலை பார்த்தவர்களே சொல்வார்கள்.

எங்களிடம் அப்போது இருந்தது ஒரே ஒரு கிடேரி. தலைச்சன் சினை. அதன் அம்மா முந்தைய மழையில், ஒழுகும் கொட்டகையில் கன்று போட்ட கையோடு குளிர் ஏறிப் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. அந்தக் கன்றும் தங்கவில்லை. அதிலிருந்து சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் தூக்கு, சமையல்கட்டில் கவிழ்ந்தே கிடந்தது. அந்தத் தூக்கை நிமிர்த்தி வைக்க வேண்டும், கிடேரி பிழைக்க வேண்டும், கன்றும் பிழைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் கிடையாது. மலையைப் பார்த்து மேகம் கறுத்தால் என் வயிறும் கறுக்கும். மாடு கன்றைக் காக்கும் வனத்து அந்தோணியாருக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொண்டு நான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கொட்டகையில் ஒழுகும் பக்கம், ஒழுகாத பக்கம் என்று இரண்டு உண்டு. கிடேரி ஒழுகாத பக்கத்தில் இருந்தது. இவர் நேராக உள்ளே போய், கயிற்றை அவிழ்த்து, வேப்பமரத்தடியில் கட்டிவிட்டு, அந்த இடத்தில் ஜீப்பைத் தள்ளி நிறுத்தினார்.

“ரெண்டு வாரந்தாம்மே. பெயிண்ட அடிச்சி வெளிய எடுத்துர்றேன்.”

“மழ வந்துட்டா?”

“ஒனக்கு எப்பவும் மழதான் வரும், இடிதான் வுழும். வாயக் கழுவு.”

மறுநாளே கூரைமேல் ஏறித் தார்ப்பாய் விரித்துக் கட்டினார். அதுவும் ஒழுகாத பக்கத்துக்கு மேலேயே. இரண்டு மழைக்காலம் மாடு நனைந்தபோது இவருக்கு மூட்டு வலி, ஏணி ஏற முடியாது. ஜீப்பின்மேல் ஒரு துளி விழுந்துவிடுமோ என்றதும் வலி பறந்துவிட்டது.

இவருக்குத் துணையாக, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பழைய பஸ் டிரைவர் சேர்ந்துகொண்டார். கல்வராயன்மலைக்கு அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாயால் அண்ணே என்று கூப்பிடுவேன். மனசுக்குள் கூப்பிடுவது வேறு.

“வண்டி ரெடியாவட்டும் தங்கச்சி. ஒன்ன அருவியாண்ட இட்டுக்கினு போயி எறக்கி வுடறோம். மிலிட்டரி வண்டி இல்லாம அந்த மல ஏற முடியாது.”

“தெனம் பஸ்ஸ ஏத்தி எறக்கனீங்களே அண்ணே, அது எந்த மல?”

“அது ரோட்டு மேல.”

“இது இன்னா, ஆகாசத்து மேலயா?”

டிரைவர் காதில் விழாததுபோல ஸ்பானரைத் தேடினார். என் கணவர் எனக்குப் பதிலாக ஜீப்பைத் தட்டிக்கொடுத்தார், அதற்கு மனசு கஷ்டப்பட்டிருக்கும் என்பதுபோல.

கம்பி பிரஷ், உப்புத்தாள், உடைந்த பிளேடு எல்லாம் வந்தன. பழைய பெயிண்டைச் சுரண்டத் தொடங்கிய அன்றே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பின்பக்கத் தகட்டில், சுண்டுவிரல் நுழையும் அளவு. இரண்டு பேரும் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். பிறகு டிரைவர் மெதுவாகச் சொன்னார்: “குண்டு.”

அவ்வளவுதான். வந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆட்கள் கோயிலிலிருந்து நேராக எங்கள் கொட்டகைக்கு வந்தார்கள். அடுத்த வாரம் கூட்டம் இன்னும் ஜாஸ்தி. ஒவ்வொருவராகக் குனிந்து, அப்போதுதான் சிலுவை போட்டுவிட்டு வந்த கையின் சுண்டுவிரலை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்து, “ப்ச்” என்று தலையை ஆட்டினார்கள். இவர் யுத்தக் கதை சொன்னார். முதல் வாரம் எல்லையில் எங்கோ ஒரு சண்டை. இரண்டாவது வாரம், சுட்டவனுக்குத் தாடி இருந்தது. எல்லாருக்கும் டீ போட்டது நான்.

பாத்திரம் எடுக்கப் போன இடத்தில் நானும் குனிந்து பார்த்தேன். அந்த ஓட்டைக்குப் பக்கத்தில், இன்னும் சுரண்டாத இடத்தில், அழுக்கு அடைந்து, அதே அளவில் இன்னும் மூன்று. ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில். எதையோ போல்ட் போட்டு மாட்டியிருந்த இடம்.

“ஏங்க, சுட்டவன் ஸ்கேல் வச்சிச் சுட்டானா?”

அன்று சாயங்காலமே மற்ற மூன்றுக்கும் அவசர அவசரமாகப் பட்டி வைத்து அடைத்தார்கள். முதல் ஓட்டையை மட்டும் விட்டு வைத்தார்கள், யுத்தத்துக்கு.

இதற்கு நடுவில் நிறம் பற்றிய பயம் எனக்கு. இன்சூரன்ஸ் போடுகிற ஆள் ஒருவர் வந்தவர், அந்த மிலிட்டரிப் பச்சையைப் பொதுஜனம் வண்டிக்கு அடிக்கக் கூடாது, சட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தூக்கம் போனது. தெருவில் காக்கிச் சட்டையோடு தபால்காரர் வந்தால்கூடக் கதவைச் சாத்தினேன். “வெள்ளை அடிங்களேன், நீலம் அடிங்களேன்” என்று கெஞ்சினேன்.

“போலீஸ்காரன் பாத்தா சல்யூட் அடிப்பான்மே.”

“யாருக்கு? எடமேடைக்கா?”

கொட்டகைத் தரை மண்தரை. மாட்டு மூத்திரம் ஊறிய ஈரம். வண்டிக்கு அடியில் படுத்துச் சுரண்டுவதற்கு மெத்தை வேண்டும் என்று என்னிடம் கேட்காமலே வைக்கோல்போரிலிருந்து பிடுங்கி வந்து அடியில் பரப்பிக்கொண்டார்கள். சுரண்டச் சுரண்ட, பழைய பச்சையும் அதற்கு அடியிலிருந்த காவிப் பூச்சும் சில்லுச் சில்லாக அந்த வைக்கோலில் உதிர்ந்தன.

“சொரண்டறத கோணியில வாருங்க. கெடேரி வாய வச்சிட்டா இன்னா பண்றது?” என்று நான் கேட்டேன். ஒரு தரம் கேட்கவில்லை, டீ கொண்டுபோன தரமெல்லாம் கேட்டேன்.

“மாடு இரும்பத் துன்னுமா? தங்கச்சி எதுக்குத்தான் பயப்படாது!” என்று டிரைவர் வண்டிக்கு அடியிலிருந்து சிரித்தார். கால்கள் மட்டும் சிரிப்பில் ஆடின.

பயப்படாதவர்களைப் பார்த்தால் எனக்கு மதிப்பு வருவதில்லை. அவர்கள் பயப்படாமல் விட்டதை எல்லாம் அள்ளுவதற்கு வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்கிற தைரியம்தான் அது.

எலவனாசூர்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட இவருடைய அக்கா வந்தார். எரிந்த தீக்குச்சியையும் அடுத்த அடுப்புக்கு ஆகும் என்று எடுத்து வைக்கிற மனுஷி. எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் யாருக்கும் வைக்கோல் தரையில் கிடந்தால் கண் பொறுக்காது. விருந்தாளியாக வந்தவர்கூடச் செருப்பைக் கழற்றும் முன்னால் அதைக் கூட்டி அள்ளி, உதறி, மாட்டுக்குப் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் கேட்பார். நான் ரேஷன் கடையிலிருந்து திரும்பும்போது ஜீப்புக்கு அடியில் தரை சுத்தமாக இருந்தது. வேப்பமரத்தடியில் கிடேரி மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா, கையைத் தட்டிக்கொண்டு.

“ஐயோ அண்ணி! இன்னா பண்ணீங்க!”

“இன்னாத்த பண்ணேன்? அந்த ஓட்ட வண்டிக்கிக் கீழ அவ்ளோ வைக்கோலு மெத்தையாட்டம் கெடக்குது, வாயும் வயிறுமா இருக்கற ஜீவன் வெறும் வாய மென்னுக்கினு நிக்குது. எடுத்துப் போட்டேன். நல்லா ஒதறித்தான் போட்டேன்.”

பையைக் கீழே போட்டுவிட்டு கிடேரியின் வாய்க்குள் கையை விட்டேன். நாக்கின்மேல் பச்சைப் பச்சையாக, உடைந்த வளையல் மாதிரி. வந்ததையெல்லாம் வழித்தெடுத்து முந்தானையில் முடிந்தேன். மிச்ச வைக்கோலை இழுத்துப் போட்டேன். மிச்சம் என்று கொஞ்சம்தான் இருந்தது.

சத்தம் கேட்டு இரண்டு வீரர்களும் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார்கள்.

“நாலு துணுக்குக்கா இந்த ஒப்பாரி?” என்றார் இவர். “இரும்புச் சத்துமே. சினை மாட்டுக்கு நல்லது.”

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவும் கொஞ்சம் சிரித்துக்கொண்டார், தம்பி சொன்னதாயிற்றே.

அடுத்த நாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த நாள் கிடேரி தீவனத்தைத் தொடவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. மத்தியானம் வேப்பமரத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றது, மரத்தைத் தள்ளிவிட்டுப் போகப் பார்ப்பதுபோல. அதன் கண்ணெதிரே கையை ஆட்டினேன். இமைக்கவில்லை.

“டாக்டர இட்டுக்கினு வாங்க. ஜீப்புல போங்க.”

இவர் தலையைச் சொறிந்தார். “அது இன்னும் ஸ்டார்ட் ஆவலம்மே.”

இத்தனை நாள் படுத்தும் எழுந்தும், சுரண்டியும் பட்டி வைத்தும், மேலே ரெட் ஆக்சைடு அடித்து, கண்ணாடியில் ஜெபமாலையும் தொங்கவிட்டார்கள். இன்ஜினை யாரும் தொடவே இல்லை. எங்கள் பழைய மொபெட்டில்தான் போனார், முட்டி இரண்டும் வெளியே துருத்திக்கொண்டு. நான் கிடேரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். இதன் அம்மா போனதும் இதே மாதிரி ஒரு மத்தியானத்தில்தான்.

டாக்டர் வந்தார். இளவயது. கண்ணைப் பார்த்தார், வாயைப் பார்த்தார்.

“இன்னா சாப்ட்டுது?”

“ஒண்ணுமில்லீங்க சார். வைக்கோலு. எப்பவும் துன்றதுதான்” என்றார் என் கணவர்.

எதிரியிடம் ரகசியத்தைக் காட்டிக்கொடுக்காத வீரம். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து டாக்டர் கையில் கொட்டினேன். அவர் அதை விரலால் புரட்டினார். பிறகு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

“இந்த வண்டியில சொரண்டனதா? பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும்மா. வெஷம். கொண்டாந்து காட்டனீங்களே, இல்லன்னா நான் வேற எதுக்கோ ஊசி போட்டிருப்பேன்.”

பேதியுப்பைக் கரைத்து ஊற்றினோம். ஊசி போட்டார். வயிற்றில் இருப்பதைப் பற்றிக் கேட்டேன்.

“அத இப்ப சொல்ல முடியாதும்மா. பொறந்தாத்தான் தெரியும். கண்ணு தெரியுதான்னு முக்கியமா பாருங்க.”

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவரே வந்தார். கிடேரி மெல்லத் தேறியது. முதலில் நெற்றியை மரத்திலிருந்து எடுத்தது, பிறகு தண்ணீர் குடித்தது. என் கையை ஆட்டியபோது ஒரு காலையில் இமைத்தது, நான் உட்கார்ந்து அழுதேன். கொட்டகை மண்ணில் மேலாக ஒரு அடுக்கை மண்வெட்டியால் செதுக்கி எடுத்து, வைக்கோலோடு சேர்த்து, மாடு கன்று போகாத இடத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தேன். குழி வெட்டியதும் நான்தான். அக்கா ஊருக்குப் போய்விட்டார், போகும்போது, “நான் ஒதறித்தான் போட்டேன்” என்று பஸ் படியிலிருந்தும் சொன்னார்.

இவர் சில நாள் கொட்டகைப் பக்கம் போகவில்லை. சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. திருந்திவிட்டார் என்று நினைக்கப் போகும் நேரத்தில் டிரைவர் ஒரு கம்ப்ரசரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒருவரிடம் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கியதாம், சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

“இன்னிக்கி ஒரு நாள் வுடும்மே. அடிச்சிட்டா முடிஞ்சிது. காஞ்சதும் வெளிய தள்ளிட்டு கெடேரிய உள்ள கட்டிர்றேன்.”

“மேகத்தப் பாத்தீங்களா?”

மலைமேல் கறுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பச்சையைப் பீச்சி அடித்தார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு ஜீப் பளபளவென்று நின்றது. குண்டு ஓட்டையைச் சுற்றி மட்டும் குச்சியில் பஞ்சைச் சுற்றிப் பதமாகத் துடைத்திருந்தார்கள். சரியாக அப்போதுதான் முதல் தூறல் விழுந்தது. அப்போதுதான் கிடேரியும் படுத்து எழுந்து, படுத்து எழுந்து, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஓடிப் போய்ப் பார்த்தேன். பனிக்குடம் தெரிந்தது.

“ஏங்க! வண்டிய வெளிய தள்ளுங்க!”

“ஐயையோ, ஈரம் தங்கச்சி!” என்று டிரைவர் குறுக்கே வந்தார். “தொட்டா கை அச்சு வுழுந்துரும். மழ பட்டா மொத்தமும் வெளுத்துப் பூத்துரும். ஒரு ரெண்டு மணி நேரம் தாங்காதா?”

“மாட்டக் கேளுங்க அண்ணே, தாங்குதான்னு.”

மழை பிடித்துக்கொண்டது. என் கணவர் கொட்டகை வாசலில் நின்றார். ஜீப்பைப் பார்த்தார். வேப்பமரத்தடியில் நனைந்துகொண்டிருந்த கிடேரியைப் பார்த்தார். ஏதாவது சொல்லுவார், ஏழாங்கிளாஸ் என்பார் என்று காத்திருந்தேன், திருப்பிச் சொல்ல வார்த்தையும் தயாராக வைத்திருந்தேன். அவரோ உள்ளே போய், ஈர பானட்டின்மேல் இரண்டு உள்ளங்கையையும் பரப்பி வைத்துத் தள்ளினார். டிரைவர் “யோவ், யோவ்” என்று கத்திக்கொண்டே ஒரு கோணியை மடித்து வைத்துக்கொண்டு தானும் தள்ளினார். ஓடாத வண்டி, தள்ளுவதற்கு மட்டும் நன்றாக உருண்டது. பின்பக்கமாகவே போய் வாசலைத் தாண்டி மழைக்குள் நின்றது.

கோணிகளை விரித்து, மேலே புது வைக்கோலைப் போட்டு, கிடேரியை உள்ளே இழுத்து வந்தேன். ஒத்தாசைக்கு இவர் ஓடி வந்தார். இரண்டு கையும் மணிக்கட்டு வரை பச்சை.

“அந்தக் கையோட கிட்ட வராதீங்க! அங்கயே நில்லுங்க!”

நின்றார். மழையில், இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, பிடிபட்ட எதிரிப் படை மாதிரி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரைப் பார்த்தால் யுத்தத்தில் இருக்கிற ஆள் மாதிரி இருந்தது.

முன்னங்குளம்பு இரண்டும் வந்தன, பிறகு மூக்கு. டிரைவரைக் கையைக் கழுவச் சொல்லிப் பிடிக்க வைத்தேன், பஸ்ஸை ஓட்டிய கைக்கு அதற்காவது வலு இருந்தது. வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. காளைக் கன்று. இந்த வீட்டுக்கு இன்னொரு ஆம்பிளை. மூக்கை வழித்துவிட்டேன், மூச்சு வந்தது. கிடேரி திரும்பி நக்க ஆரம்பித்தது. நான் மட்டும் இன்னும் மூச்சு விடவில்லை. தலையைத் தூக்கிய கன்றின் கண்ணெதிரே என் கையை மெல்லக் கொண்டுபோனேன். கண் கையைத் தொடர்ந்து வந்தது. இந்தப் பக்கம் கொண்டுவந்தேன், இந்தப் பக்கம் வந்தது.

“கண்ணு தெரியுதாம்மே?” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

“தெரியுது.”

அதற்குப் பிறகும் அவர் உள்ளே வரவில்லை. நான் வரச் சொல்லும்வரை மழையிலேயே நின்றார். இதை அவர் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும், நான் மறுக்கவில்லை. அதற்குமேல் சொல்லச் சொன்னால் எனக்கு வராது.

மழை விட்டதும் ஜீப்பைப் பார்த்தோம். பளபளப்பு போய், திட்டுத் திட்டாக வெளுத்து, தேமல் பிடித்த முதுகு மாதிரி இருந்தது. பானட்டில் பத்து விரலும் பதிந்த இரண்டு கை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து ஆட்கள் வந்தார்கள். டிரைவர் முந்திக்கொண்டார்.

“இதாங்க ஒரிஜினலு. காட்டுக்குள்ள ஒளிஞ்சிக்க மிலிட்டரியில இப்டித்தான் திட்டுத் திட்டா அடிப்பான். தேடிப் புடிச்சி அடிச்சோம்.”

எல்லாரும் “ஓ” என்றார்கள். என் கணவர் பக்கம் திரும்பினார்கள், யுத்தத்துக்காக.

“மழ பட்டுது” என்றார் இவர். “மாடு கன்னு போட்டுது, வெளிய தள்ளனோம்.”

வந்தவர்கள் முகத்தில் ஏமாற்றம். இன்னொரு டீ கூடக் கேட்காமல் போய்விட்டார்கள். ஓட்டையைப் பற்றி மட்டும் யாராவது கேட்டால் இவர் இன்றைக்கும் வாயைத் திறப்பதில்லை. அது குண்டு இல்லை என்று சொல்ல இன்னொரு மழை வர வேண்டும் போலிருக்கிறது.

பால் சரி என்று டாக்டர் சொன்ன பிறகு தூக்கு நிமிர்ந்தது, சொசைட்டிக்குப் பால் போகிறது. கொட்டகைக்குத் தகரம் இன்னும் வரவில்லை. ஜீப் அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதை மறுபடி சுரண்ட நான் விடமாட்டேன், சுரண்டாமல் பெயிண்ட் ஏறாதாம். கன்றுக்கு எதைப் பார்த்தாலும் நக்கிப் பார்க்க வேண்டும். அதனால் நானே கருவேல முள் வெட்டி வந்து வண்டியைச் சுற்றிக் கன்று நுழையாதபடி வேலி கட்டிவிட்டேன். ராணுவ வண்டி முள்வேலிக்குள் கிடக்கிறது. காலையில் பால் கறக்கும் முன்னால் கன்றின் கண்ணெதிரே ஒரு முறை கையை ஆட்டிப் பார்க்கிறேன். கொம்பு முளைத்துவிட்டது அதற்கு. “இன்னுமாம்மே?” என்கிறார் இவர். இன்னும்தான்.